கூரத்துப் பெட்டியில் ஒரு கார்க் ஸ்குரு

கூரத்தாழ்வான் ஊரை விட்டுக் கிளம்பிய கதை வைணவ வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கூரத்தில், பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் அவர். அன்னதானம் முடிந்து இரவில் அவர் மாளிகைக் கதவு சாத்தப்படும் ஓசை காஞ்சி வரதராஜர் கோயில் வரைக்கும் கேட்டதாம். அந்தப் பெருமையே அவரை உறுத்தியது. அத்தனையையும் உதறிவிட்டு, மனைவி ஆண்டாளோடு, வைணவ ஆசாரியர் இராமானுசரைத் தேடித் திருவரங்கத்துக்கு நடந்தார். வழியில் காடு, இருட்டு. ஆண்டாள் பயந்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்கென்று ஒரே ஒரு பொன் வட்டிலை அந்த அம்மாள் மறைத்து எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் வீசிவிட்டு மேலே நடந்தார் என்கிறது ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரை.

இன்னொரு பயணக் கதையும் உண்டு. போதாயன விருத்தி என்ற நூலைத் தேடி இராமானுசரும் ஆழ்வானும் காஷ்மீரம் போனார்கள். நூல் கிடைத்தது. திரும்பும் வழியில் அந்த ஊர்ப் பண்டிதர்கள் பின்னாலேயே வந்து சுவடியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இராமானுசர் கலங்கினார். ஆழ்வான் கலங்கவில்லை. இரவுகளில் குரு கண்ணயர்ந்த பிறகு சுவடியைப் படித்து, முழுவதையும் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தார் அவர். இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்ய உரையை எழுத அந்த நினைவுதான் துணை நின்றது என்பது மரபு.

பயண மூட்டையைப் பற்றி இப்படி இரண்டு கதைகளைக் கொடுத்த ஊர் கூரம். இன்று காஞ்சி வட்டாரத்திலிருந்து பெட்டி கட்டுகிறவர்களுக்குக் காடும் இல்லை, கள்ளர் பயமும் இல்லை. ஸ்கேனர் பயம் இருக்கிறது. எதை எடுத்துப் போகலாம், எதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். இது தேவையில்லாத பயம் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. விதிகளை முன்கூட்டியே, புரியும் மொழியில் சொல்லிவிட்டால் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

சின்னக் கருவி, பெரிய குழப்பம்

உதாரணத்துக்கு ஒரு கார்க் ஸ்குருவை எடுத்துக்கொள்வோம். கோயிலும் தறியும் நிறைந்த ஊர்ப்பக்கத்தில் வைன் பாட்டில் திறக்கும் கருவிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலைதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு உல்லாசக் கப்பல்களில் பரிமாறும் வேலைக்குப் போகிறவர்களும் தமிழ்நாட்டில் ஏராளம். கடல் பணியைப் பதியும் சி.டி.சி. புத்தகம், கடல் பாதுகாப்புக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. பயிற்சிச் சான்றிதழ், மெடிக்கல் ஃபிட்னஸ், அமெரிக்கத் துறைமுகம் என்றால் சி-1/டி விசா என்று ஒரு ஃபைல் நிறையக் காகிதம் சேர்த்து, விமானம் ஏறி, எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பலைப் பிடிப்பார்கள். சாப்பாட்டு மேசைப் பணியாளரின் சட்டைப் பையில் பேனாவும் குறிப்பேடும் போலக் கார்க் ஸ்குருவும் இருந்தாக வேண்டும். நெசவாளிக்கு நாடா எப்படியோ, அவருக்கு அது அப்படி. தான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவரானாலும் அது இல்லாமல் ஒரு ஷிப்டு ஓடாது.

கையில் வாங்கிப் பாருங்கள். விரல் நீளத்தில் மடங்கிய இரும்பு. ஒரு பக்கம் விரித்தால் சுருள் கம்பி. அதன் நுனி ஊசி மாதிரி இருக்கும். அந்தச் சுருளைக் கார்க்கில் முறுக்கி இறக்கி, இன்னொரு பக்கத்து நெம்புகோலைப் பாட்டில் வாயில் முட்டுக்கொடுத்துத் தூக்கினால் கார்க் வெளியே வரும். மூன்றாவதாக, பிடியின் மறுமுனையில் ஒரு குட்டிக் கத்தி ஒளிந்திருக்கும். பாட்டில் கழுத்தைச் சுற்றியுள்ள தகட்டுத் தாளை அறுப்பதற்கு அது. 1882இல் கார்ல் வீங்கே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய வடிவம். இன்றும் உலகம் முழுக்கப் பரிமாறுகிறவர்கள் கையில் இருப்பது அதுதான். அதற்கும் முன்னால், 1795இல், சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கார்க் ஸ்குருவுக்கு முதல் காப்புரிமை பெற்றிருந்தார்.

விமான நிலையத்தில் இந்தக் கருவி மாட்டுவது அந்தக் குட்டிக் கத்தியால். அமெரிக்காவில் கத்தி இல்லாத கார்க் ஸ்குருவைக் கைப்பையிலேயே கொண்டு போகலாம். கத்தி இருந்தால் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். அங்கேயும் கடைசி வார்த்தை சோதனை அதிகாரியுடையது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பட்டியல். இடையில் இரண்டு விமானம் மாறினால் மூன்று நாட்டுப் பட்டியலுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் ஊரில் விட்டார்களே என்று அடுத்த ஊரில் வாதாட முடியாது. அதனால் கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரே ஒரு யோசனை: கூர்மையான எதுவானாலும், விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டியில், ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியரின் விரலையும் நினைத்துத்தான் அந்தத் துணி.

இதற்கு நேர் தலைகீழானது பவர் பேங்க். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்தால் குற்றம். லித்தியம் மின்கலம் சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. பயணிகள் பகுதியில் பிடித்தால் ஊழியர்கள் உடனே பார்த்துவிடுவார்கள். கூர்மையானது கீழே, மின்கலம் மேலே. இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் போய்ச் சேரும்.

ஏன் இத்தனை சோதனை?

ஒரு காலத்தில் விமானம் ஏறுவது பஸ் ஏறுவது போல இருந்தது. அதை மாற்றிய நாள்களில் ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருந்த வெடிகுண்டு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கைக்குப் போகவேண்டிய பெட்டி அது. மறு ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அங்கேயும் குண்டு வந்தது பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டியின் சொந்தக்காரன் விமானத்தில் ஏறவே இல்லை. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் ஏறக்கூடாது என்ற இன்றைய நடைமுறை உறுதிப்பட்டது அந்தச் சாவுகளுக்குப் பிறகு. 1987 ஏப்ரலில் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் ஒரு இந்திய விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையத்தின் காவலும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நகவெட்டி வரைக்கும் பிடுங்கினார்கள். 2005 டிசம்பரில் அமெரிக்கா கொஞ்சம் தளர்த்தி, நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலை அனுமதித்தது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்டதும் 100 மில்லி விதி வந்தது. பாட்டி கொடுத்தனுப்பும் நெய்யும், எண்ணெய் மிதக்கும் ஆவக்காயும் கைப்பையில் போக முடியாமல் போனது அன்றிலிருந்து.

ஆகவே சோதனையைத் தொல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மீனம்பாக்கத்தில் செத்தவர்கள் நம்மைப் போல டிக்கெட் வாங்கி வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கப்பலில் கணக்கு வேறு

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் இப்போது எட்டாத சமாச்சாரம் இல்லை. 2022 ஜூன் 4 அன்று கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாள்களில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி கிளம்பியது. பட்டுப் புடவை வியாபாரி, கோயில் பார்க்கப் போகிறவர், உறவைப் பார்க்கப் போகிறவர் என்று எல்லாரும் ஏறுகிற வழி இது.

கப்பலேறும் இடத்திலும் எக்ஸ்-ரே உண்டு, உலோகச் சட்டத்துக்குள் நடக்க வேண்டியதும் உண்டு. 1985 அக்டோபரில் அக்கீலே லாரோ என்ற இத்தாலிய உல்லாசக் கப்பலை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்தினார்கள். 2001க்குப் பிறகு நாடுகள் கூடி உருவாக்கிய கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் விமானத்தில் இருக்கும் கைப்பை, பெட்டி என்ற பிரிவினைக்குக் கப்பலில் அர்த்தம் குறைவு. பெட்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்தாலும், சாயங்காலம் அது உங்கள் அறை வாசலுக்கே வந்துவிடும். அதனால் கப்பலில் கேட்கப்படுவது, இந்தப் பொருள் கப்பலுக்குள் இருக்கலாமா, கூடாதா என்பது மட்டும். சந்தேகப்பட்ட பெட்டி வாசலுக்கு வராது. பாதுகாப்பு அறைக்குக் கூப்பிட்டு, உங்கள் எதிரில் திறப்பார்கள். எடுத்து வைத்துக்கொண்ட பொருளைப் பெரும்பாலும் இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை என்பது பெரிய ஆறுதல்.

கார்க் ஸ்குரு இங்கே ஜெயிக்கிறது. கார்னிவல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ஏறும் நாளில் வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி வைன் ஒரு பாட்டிலை அனுமதிக்கின்றன. ஆகவே அதைத் திறக்கும் கருவியையும் பொதுவாகத் தடுப்பதில்லை. வெளியிலிருந்து வரும் மதுவையே அனுமதிக்காத கப்பல்களும் உண்டு. அது பாதுகாப்பைவிட வியாபாரத்தைச் சேர்ந்த விஷயம்.

தோற்பது எது தெரியுமா? நம் பூஜைப் பை. கற்பூரம், ஊதுவத்தி, அகல் விளக்கு, தீப்பெட்டி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்கக் கூடாதே என்று அம்மாக்கள் பெட்டியின் மூலையில் செருகி வைக்கும் அந்தச் சின்னப் பொட்டலம்தான் கப்பல்காரர்களைக் கலவரப்படுத்துகிறது. சட்டை இஸ்திரி போடும் பெட்டி, சுருள் கம்பி வாட்டர் ஹீட்டர், வீட்டு எலெக்ட்ரிக் கெட்டில் எல்லாம் அதே வகை. கடல் நடுவில் தீ என்பது கத்தியைவிடப் பல மடங்கு கொடியது.

இதைத் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர், பினாங்கிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரி 12 அன்று தீப்பிடித்தது. பல பயணிகள் உயிரிழந்தார்கள். ரஜூலா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களை மலாயாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த கப்பல் வழி அதோடு முடிந்துபோனது. அந்தக் கப்பல்களில் டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கியவர்கள் வீடு காஞ்சிப் பக்கத்திலும் உண்டு, தஞ்சைப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. கப்பல் அறையில் ஒரு வாரம் கற்பூரம் ஏற்றாமல் இருப்பதைக் கடவுள் மன்னிப்பார். கை கூப்பினால் போதும்.

திரையில் தெரிவது

எக்ஸ்-ரே இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் புடவையைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது நிறங்கள். உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சாகத் தெரியும், உலோகம் நீலமாக, இரண்டும் கலந்த நடுத்தர அடர்த்தி பச்சையாக. பல வெடிமருந்துகளும் அந்த ஆரஞ்சு வகைதான். எனவே அடர்த்தியான ஆரஞ்சு உருண்டை ஒன்று தெரிந்தால் அவர் பெல்ட்டை நிறுத்தத்தான் வேண்டும். நம் வீட்டுத் தேங்காய் அவருக்கு அப்படித்தான் காட்சி தருகிறது. கொப்பரை இன்னும் மோசம்: எண்ணெய் நிறைந்த அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று விமானச் சரக்கு விதிகள் அபாயப் பொருள்களில் சேர்த்திருக்கின்றன.

இருந்தும், கேட்டால் விதி வளையும் என்பதற்கும் தேங்காயே சாட்சி. 2024 அக்டோபரில், சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியில் நெய்த்தேங்காயை விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதி வந்தது. எக்ஸ்-ரே, வெடிமருந்துச் சோதனை, கையால் பரிசோதனை எல்லாம் முடித்து, மகரவிளக்குக் காலம் முடியும்வரை. அடுத்த பருவத்துக்கும் அது நீட்டிக்கப்பட்டது. சீக்கியர்களின் கிர்பானுக்கும் உள்நாட்டு விமானங்களில் இடம் உண்டு: மொத்தம் 9 அங்குலம், அதில் தகடு 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பாதுகாப்பும் குறையாமல், மனிதரின் வழக்கமும் அவமதிக்கப்படாமல் ஒரு அளவு சொல்ல முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

நெசவாளி விஷயத்துக்கு அப்படி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. வெளிநாட்டுக் கைத்தறிக் கண்காட்சிக்குப் போய் நெய்து காட்டுகிறவர் நாடாவைக் கொண்டுபோக வேண்டும். இழைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக அதன் இரண்டு முனையும் உலோகக் கூர். கைக்குப் பழகிய நாடாவை எந்த நெசவாளியும் பெட்டியில் போட்டு அனுப்ப மனம் ஒப்பமாட்டார். பெட்டி தொலைந்தால் நெய்வது எதைக் கொண்டு? ஆனாலும் பெட்டியில்தான் போட வேண்டும். கூர்முனைக் கத்தரியும் அதோடு. இன்றைய விதி அது.

சாப்பாட்டில் காஞ்சிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வெந்து, மிளகும் சுக்கும் சீரகமும் மணக்கும் கோயில் இட்லி திரவமும் இல்லை, களிம்பும் இல்லை. சோதனையில் அதற்குத் தடை கிடையாது. மிளகாய்ப்பொடிக்குத்தான் ஒரு எச்சரிக்கை: 2018 ஜூன் 30 முதல் அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் தனிச் சோதனை, சந்தேகம் தீராவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பொடியைப் பெட்டியில் வையுங்கள். இறங்கும் நாட்டின் சுங்கம் விதைக்கும் இலைக்கும் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மந்தாரை இலையை விமானத்திலேயோ கப்பலிலேயோ விட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஒரு பாட்டில் ஊறுகாய்

ஒரு விமான நிலையத்தில் பார்த்தது இது. அரக்கு நிறத்தில் பட்டுப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம், அறுபதைத் தாண்டிய அம்மா. முதல் வெளிநாட்டுப் பயணம் என்பது அவர் டிக்கெட்டைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலையும் கற்பூரப் பொட்டலத்தையும் வெளியே எடுத்து வைத்தார்கள். "இது போகாதும்மா" என்றார் சோதனைப் பெண். குரலில் கடுமை இல்லை. "என் பொண்ணு மாசமா இருக்காம்மா. ஆசைப்பட்டுக் கேட்டா" என்றார் இவர். அந்தப் பெண் ஒரு நிமிடம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பெரிய பெட்டியில வச்சிருக்கலாமேம்மா, யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். வரிசை நீண்டுகொண்டிருந்தது. பாட்டில் தொட்டிக்குள் போனது.

யாரும் சொல்லலியா? என் குறை அங்கேதான் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்த ஊறுகாய் போய்ச் சேர்ந்திருக்கும். விதியில் தவறில்லை, சோதனை செய்தவரிடமும் தவறில்லை. டிக்கெட் விற்றவர் சொல்லவில்லை. டிக்கெட்டோடு வந்த தாளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. பயணியின் கண்ணில் பட்ட முதல் பலகை, பெட்டியை ஒப்படைத்து முடித்த பிறகு இருந்தது. ஆழ்வான் பொன் வட்டிலை வீசியது அவராக எடுத்த முடிவு. இந்த அம்மாவுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

மூன்று காரியங்கள் செய்யலாம்; எதற்கும் கோடிகள் தேவையில்லை. டிக்கெட் பதிவானதும் கைப்பேசிக்கு வரும் செய்தியோடு தடைப் பொருள்களின் படத்தையும் தமிழில் அனுப்பலாம். கத்தி, கார்க் ஸ்குரு, நாடா, கற்பூரம், ஊறுகாய், பவர் பேங்க் என்று நம் வீட்டுப் பெயர்களோடு. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் அந்தப் பலகையைப் பெட்டி ஒப்படைக்கும் இடத்துக்கு முன்னால் வைக்கலாம். பிடித்த பொருளை, பயணி காசு கட்டினால், வீட்டுக்கே தபாலில் அனுப்ப அஞ்சல் துறை ஒரு சின்னக் கவுன்ட்டர் போடலாம். காஞ்சிக்குப் பக்கத்தில் பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது என்கிறார்கள். எங்கே வந்தாலும், வாசலில் அந்தத் தமிழ்ப் பலகை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது, கிளம்புவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது. அடுத்த முறை விமானத்துக்கோ கப்பலுக்கோ டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால், தடைப் பொருள் பட்டியலைத் தமிழில் கொடுங்கள் என்று முகவரிடம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.